‘யெஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்

மதுரை புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடைகளில் ஒன்று என் மச்சானுடையது. இத்தாலிக்காரர் ஒருவர் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, “ஃபோர் ஓ கிளாக், நாட் ரெடி?” என்று கேட்டார். மச்சான் “யெஸ் சார்” என்று தலையையும் ஆட்டினார். நாலு மணிக்கு அவர் வந்தபோது துணி வெட்டிப் போட்டபடியே கிடந்தது.

மச்சான் பொய் சொல்லவில்லை. “ஆகாதா?” என்று கேட்டால் நாம் “ஆமா, ஆகாது” என்போம். ஆங்கிலத்திலும் இத்தாலியனிலும் கேள்வி எப்படி வந்தாலும் யெஸ் என்றால் ஆகும், நோ என்றால் ஆகாது. ஜப்பானியர் இந்த விஷயத்தில் நம் கட்சி. அதனால், ‘இல்லை’, ‘முடியாது’ என்று வரும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். “நாட் ரெடி, டுமாரோ மார்னிங்” போதும்.

இன்னொன்று நானே வாங்கிக் கட்டிக்கொண்டது. திருப்பரங்குன்றம் போக ஒரு ஜெர்மன் தம்பதி “ஹாஃப் சிக்ஸ்” வரச் சொன்னார்கள். ஆறரைக்குப் போய் நின்றேன், ஐந்தரையிலிருந்து காத்திருந்தார்களாம். பிரிட்டிஷ்காரர் அப்படிச் சொன்னால் ஆறரைதான். ஜெர்மனில் ‘அரை ஆறு’ என்றால் ஆறுக்கு அரை மணி முன்னால். அவர்கள் தங்கள் கணக்கை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்கள், நான் பள்ளிக்கூடத்துக் கணக்கில் கேட்டிருக்கிறேன். விலையிலும் இதே கதை: ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று மல்லுக்கட்டாமல் கால்குலேட்டரில் காட்டிவிடுங்கள். லட்சம், கோடி வேண்டாம். தேதியில் மாதத்தின் பெயரை எழுதுங்கள்.

உச்சரிப்பில் எதைத் திருத்துவது? பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ‘திங்க்’ என்பதில் நாக்கைக் கடிக்கும் அந்த ஒலி வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை. ‘ஷிப்’, ‘ஷீப்’ போன்ற குறில் நெடில் மாறினால்தான் ஆபத்து. குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு அது கஷ்டமா என்ன! இலக்கணப் பயத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். “ஹி கோ” என்றால் எவருக்கும் புரியும்.

சரளமாகப் பேசுகிறவர்களிடம் வேறு தவறு. “அவுட் ஆஃப் ஸ்டேஷன்” (வெளியூரில் இருக்கிறார்), “டூ த நீட்ஃபுல்” (ஆவன செய்யுங்கள்) என்று நமக்குள் புழங்குவதை உலகப் பொது என்று நினைத்துவிடுகிறார்கள். கொரியாவிலிருந்து வந்தவர் எந்த ஸ்டேஷன் என்று யோசிப்பார். ‘த்ரைஸ்’ கூட அப்படித்தான். ‘த்ரீ டைம்ஸ்’ என்றால் தீர்ந்தது.

அப்புறம், புரியாமலே மண்டையை ஆட்டுவது. டென்மார்க் வியாபாரிகளின் ஆங்கிலத் தொலைபேசிப் பேச்சை ஆராய்ந்த ஆலன் ஃபர்த், புரியாத சொல்லை அவர்கள் ‘போகட்டும்’ என்று விட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்ததை 1996-இல் எழுதினார். அரட்டையில் அது சரி, பின்னால் தானாக விளங்கிவிடும். ஆனால் நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பல நாட்டு மருத்துவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். அந்த மாதிரி இடத்தில் எந்தக் கண், எத்தனை சொட்டு என்பதைப் போகட்டும் என்று விட முடியுமா? காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்: “லெஃப்ட் ஐ, டூ டிராப்ஸ், கரெக்ட்?”

மச்சான் இப்போது பில்லின் பின்பக்கம் ஒரு கடிகாரம் வரைந்து, முள்ளும் போட்டுக் கொடுக்கிறார். வட்டம்தான் ஒருநாளும் வட்டமாக வருவதில்லை.