நாணயத்தில் இருப்பது அச்சடிப்புப் பிழையா, பின்னால் நேர்ந்த சேதமா? தொடக்கநிலைச் சேகரிப்பாளர்களுக்கான செய்முறை

வழக்கத்துக்கு மாறான நாணயம் ஒன்று கைக்குக் கிடைத்ததும், அதன் விலையைத் தேடுவதற்கு முன் அது உருவான விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நாணயச்சாலையில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவற்றின் விளிம்பு சற்றே உயர்த்தப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு வில்லையும் ஒரு வளையத்துக்குள் அமர்ந்து, இரண்டு அச்சுகளுக்கு இடையே அழுத்தப்படுகிறது. நாம் காணும் குறை இந்தக் கட்டங்களுள் எதில் நேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாவிட்டால், அதைச் சேதம் என்றே முதலில் கருதுங்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, ஒரு காந்தம், ஒப்பிட்டுப் பார்க்க அதே வகையைச் சேர்ந்த குறையற்ற நாணயம் ஆகியவை போதும். நாணயத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். சான்றுகள் அதோடு போய்விடும்.

முதலில் எடை போடுங்கள். அமிலத்தில் ஊறிய நாணயம் எல்லாப் பக்கமும் கரைந்து, எடை குறைந்து, எழுத்துகள் மங்கிக் காணப்படும். இந்தச் சோதனையின் அருமைக்கு 1943ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு அது துத்தநாகம் பூசிய எஃகில் 2.7 கிராம் எடையில் அச்சிடப்பட்டது. தவறுதலாக வெண்கல வில்லையில் அச்சான மிகச் சிலவே 3.11 கிராம் அளவில் இருக்கும். எஃகு நாணயத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்து ஏமாற்றினால் காந்தம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, கோடுகளை லென்ஸில் பாருங்கள். அச்சில் விரிசல் விழுந்தால் அதற்குள் உலோகம் புகுவதால், நாணயத்தில் அது மேலெழும்பிய கோடாகத் தெரியும். பள்ளமாக ஓடி, இருபுறமும் உலோகம் ஒதுங்கியிருந்தால் பெரும்பாலும் அது கீறல்.

இரட்டையாகத் தெரியும் எழுத்துகளில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அச்சே இரட்டையாக உருவாகியிருந்தால் இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டு, எழுத்தின் முனைகளில் தெளிவாகப் பிரிந்திருக்கும். அடிக்கும் நேரத்தில் தளர்ந்த அச்சு நகர்ந்ததால் வருவதோ, தட்டையான படிபோலத் தெரிந்து, எழுத்தின் அகலத்தையே குறைத்துவிடும். அது நாணயச்சாலையிலேயே நேர்வதுதான் என்றாலும், சேகரிப்பாளர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு குறைந்திருந்தால், அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பைக் கவனியுங்கள். வெட்டுப்பட்ட வில்லையின் விளிம்பை உயர்த்தும்போது எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் குறைவதால், அங்கே விளிம்பு மெலிந்தோ மறைந்தோ போகும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். உண்மையான வெட்டுகள் எல்லாவற்றிலும் இது தெரியாது. ஆனால் தெரிந்தால் வலுவான சான்று. அரத்தால் அராவிய நாணயத்தில் எதிர்விளிம்பு முழுமையாக இருக்கும், வெட்டின் ஓரத்தில் எழுத்துகள் திடீரெனத் துண்டிக்கப்பட்டிருக்கும்.

கடைசியாக, இடவலம் மாறிப் பதிந்த உருவம். முன்பு அச்சான நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டிருக்க அடுத்த வில்லை அடிக்கப்பட்டால், ஒரு பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோன்ற பள்ள உருவம் விழும். அந்தப் பக்கத்துக்குரிய இயல்பான உருவம் அங்கே இருக்காது. இயல்பான உருவம் நசுங்கிக் கிடக்க, அதன் மேலேயே எதிருருவம் பதிந்திருந்தால், யாரோ இரண்டு நாணயங்களைப் பட்டறைப் பிடிப்பானில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள்.