செவித்துணைக் கருவிக்கு ஏற்ற கைபேசியைத் தேர்ந்து இணைப்பது எப்படி?

செவித்துணைக் கருவி அணிந்தவர் கைபேசி வாங்கும்போது, எது சிறந்த கைபேசி என்று தேடுவதைவிட, தம் காதில் உள்ள கருவியோடு எது ஒத்துப்போகும் என்று பார்ப்பதே முறை. ஒருவருக்குத் தெளிவாகக் கேட்கும் அதே கைபேசி, வேறு கருவி அணிந்த இன்னொருவருக்கு இரைச்சலை மட்டுமே தரக்கூடும்.

படி 1: கருவியை அறிந்துகொள்ளுங்கள்

கருவியின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, அதில் புளூடூத்தும் டெலிகாயிலும் உள்ளனவா என்று உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேளுங்கள். டெலிகாயில் என்பது கைபேசி எழுப்பும் காந்தப்புலத்தை வாங்கி ஒலியாக்கும் சிறிய கம்பிச்சுருள். கருவியின் மைக்ரோபோன் வழியாக ஒலி வராததால் சுற்றுப்புறச் சத்தம் கலப்பதில்லை. கைபேசியைக் காதருகே கொண்டுபோனால் எழும் விசில் ஒலியும் இருக்காது. கருவியில் டெலிகாயில் இருந்தும் அதற்கான புரோகிராம் இயக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்பதால், இதைத் தவறாமல் கேளுங்கள்.

படி 2: பொருத்தக் குறியீட்டைப் பாருங்கள்

அமெரிக்க முறைப்படி, கைபேசிகளுக்கு எம்1 முதல் எம்4 வரையும் டி1 முதல் டி4 வரையும் தரம் இடப்பட்டு வந்தது. மைக்ரோபோன் வழியே கேட்கும்போது ஏற்படும் குறுக்கீட்டை ‘எம்’ குறிக்கும். டெலிகாயில் வழியே கேட்பதற்கான பொருத்தத்தை ‘டி’ குறிக்கும். 3 அல்லது 4 இருந்தால் பொருத்தமானது. கருவிக்கும் இதேபோன்ற எண் உண்டு. இரண்டையும் கூட்டி 5 வந்தால் இயல்பாகப் பேசலாம், 6 அல்லது அதற்கு மேல் வந்தால் மிகத் தெளிவாகக் கேட்கும். 2019-ஆம் ஆண்டுத் தரநிலையைப் பின்பற்றும் புதிய கைபேசிகளில் இந்த எழுத்துகள் இல்லை; ‘செவித்துணைக் கருவிக்குப் பொருத்தமானது’ என்ற குறிப்பு இருக்கும்.

படி 3: வாங்குமுன் பேசிப் பாருங்கள்

எண்களைவிட இந்தச் சோதனையையே நான் பெரிதும் நம்புகிறேன். கருவியை அணிந்துகொண்டு, தொலைவில் இருக்கும் ஒருவரோடு உண்மையான அழைப்பில் பேசுங்கள். காதுக்குப் பின்னால் அணியும் கருவியில் மைக்ரோபோன் காதின் மேற்புறம் இருப்பதால், கைபேசியின் ஒலித்துளையைக் காதுத் துளைக்கு நேராக வைக்காமல் சற்று மேலே நகர்த்தி, மெல்லச் சாய்த்துச் சாய்த்துத் தெளிவாகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சிக்னல் குறைந்த இடத்திலும் பேசிப் பாருங்கள். அங்கே கைபேசி கூடுதல் ஆற்றலுடன் அலைகளை அனுப்புவதால், மறைந்திருக்கும் இரைச்சல் வெளிப்படும். குறிப்பாக 2ஜி ஜிஎஸ்எம் எனும் பழைய வகை இணைப்பில் நொடிக்கு சுமார் 217 துடிப்புகளாக அலை வெளிப்படுவதே, காதில் ‘பர்ர்’ என்று கேட்கும் அந்த ஒலிக்குக் காரணம். அது எரிச்சலூட்டுமே தவிர, செவியைக் கெடுக்காது.

படி 4: இணையுங்கள்

கருவியின் பேட்டரி மூடியைத் திறந்து மூடுங்கள். சார்ஜ் செய்யும் வகையானால் அணைத்து மீண்டும் இயக்குங்கள். பின்னர் கைபேசியின் செட்டிங்ஸில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குச் சென்று, செவித்துணைச் சாதனங்களுக்கான பிரிவில் கருவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இரு காதுகளிலும் கருவி இருந்தால், இணைப்பு அனுமதி இருமுறை கேட்கப்படலாம். ஐபோனுக்கென உருவான கருவிகள் எல்லா ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் நேரடியாக இணையாது. கருவித் தயாரிப்பாளரின் பட்டியலை வாங்குமுன்பே பார்ப்பது நல்லது. இணைந்த பிறகும், பல கருவிகளில் உங்கள் குரலைக் கைபேசியின் மைக்ரோபோன்தான் வாங்குகிறது. ஆகவே பேசும்போது கைபேசியைப் பையில் போட்டுவிடாதீர்கள்.

படி 5: பாதுகாப்பு அமைப்புகள்

ஒலியளவைக் குறைவாக வைத்துத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துங்கள். கைபேசி ஒலி நேரடியாகக் காதுக்கு வரும்போது வெளி ஒலி அடங்கிவிடக்கூடும். சாலையில் இது ஆபத்து என்பதால், கருவியின் செயலியில் சுற்றுப்புற ஒலியைக் கூட்டி வையுங்கள். காந்தம் பொருத்திய கைபேசிகளை, பேஸ்மேக்கர் போன்ற உடலுள் பொருத்தும் கருவிகளிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்கும்படி ஆப்பிள் அறிவுறுத்துகிறது. காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை மூலம் உட்செவியில் பொருத்தும் செவிக்கருவி) உள்ளவர்கள் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் இணைப்பு அறுபட்டால், கருவியைப் பட்டியலிலிருந்து நீக்கி, 4-ஆம் படியை மீண்டும் செய்யுங்கள்.