பரோக் கால ஜெர்மன் பாடகிகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கத்திய இசை, குறிப்பாகப் பரோக் காலம் (ஏறத்தாழ 1600–1750) பற்றித் தமிழில் எழுத வருபவர்களின் கட்டுரைகளைப் பல காலமாகத் திருத்தி வருகிறேன். பெயர், ஆண்டுப் பிழைகளை விடுங்கள், ஒரு தடவை சரிபார்த்தால் தீர்ந்தது. கீழே உள்ளவை அப்படித் தீர்வதில்லை.

தேவாலயத் தடையை நாடு முழுக்க நீட்டுவது

"அந்தக் காலத்து ஜெர்மனியில் பெண்கள் பாடக் கூடாது, சிறுவர்கள்தான் பாடினார்கள்." இந்த வரியைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு மாணவி ஆய்வேட்டின் முதல் இயல் முழுவதையும் இதை நம்பி எழுதிவிட்டார்; சமர்ப்பிக்கும் நேரத்தில் அத்தனையையும் மாற்ற வேண்டியதாயிற்று. தடை இருந்தது தேவாலயத்தில். அரசவையிலும் ஓபரா அரங்கிலும் பெண்கள் சம்பளம் வாங்கிப் பாடினார்கள்.

ஆனா மக்தலேனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசவையில் எக்காளம் ஊதியவரின் மகள். 1721இல், இருபது வயதில், கோத்தென் அரசவைப் பாடகி. அந்த டிசம்பரில் அங்கே இசைக்குழுத் தலைவராக இருந்த இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கை அவருடைய இரண்டாம் மனைவியாகத் திருமணம் செய்துகொண்டார், வேலையை விடவில்லை. பாக்குக்கு ஆண்டுக்கு 400 தாலர் (அக்கால ஜெர்மன் வெள்ளி நாணயம்). இவர் சம்பளம் அதில் பாதிக்குக் குறையாது. 1723இல் குடும்பம் லைப்சிக் போனது. அங்கே தேவாலயத்தில் பெண்களுக்கு இடமில்லை, ஓபரா அரங்கோ 1720லேயே மூடியாயிற்று. ஊர் மாறியதில் அவருடைய வேலையே போய்விட்டது. எல்லா இடத்திலும் தடை என்று எழுதினால் இந்த இழப்பு கண்ணில் படாது. கணவரின் இசைத்தாள்களைப் படியெடுத்த மனைவியாக மட்டும் அவர் நின்றுவிடுவார். 1724லும் 1725லும் அவர் பாக்குடன் கோத்தெனுக்குத் திரும்பிப் போய் இசை வழங்கியதற்குக் கணக்குப் பதிவு இருக்கிறது.

தேவாலயத் தடையும் எங்கும் ஒரே மாதிரி இல்லை. ஹாம்பர்க் பேராலயத்தில் இசைப் பொறுப்பில் இருந்த மத்தேசன் பாடகிகளைப் பாட வைத்தார். யார் கண்ணிலும் படாதபடி அவர்களை நிறுத்தச் சொன்னார்களாம் முதலில். அப்புறம் எவ்வளவு பார்த்தும் கேட்டும் ஊராருக்குப் போதவில்லை என்று 1739இல் அவரே எழுதியிருக்கிறார்.

ஆர்ன்ஸ்டாட் பெண்ணுக்குப் பெயர் வைப்பது

1706இல், ஆர்ன்ஸ்டாட் ஊர்த் தேவாலயத்தில் பாக் ஆர்கன் வாசித்துவந்தபோது, பாடகர் மாடத்தில் ஒரு வெளிப்பெண்ணைப் பாட விட்டதற்காக அவரை விசாரித்தார்கள். ஆவணத்தில் பெயர் இல்லை. அது அவருடைய முதல் மனைவி மரியா பார்பராதான் என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

உச்சக் குரலெல்லாம் பெண் குரல் என்பது

காஸ்ட்ராட்டோக்கள் இருந்தார்கள்: குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்ட ஆண் பாடகர்கள்.

பாடகிகள் எல்லாரும் இத்தாலியர் என்பது

டிரெஸ்டன் அரசவை ஓபராவில் இத்தாலியர்கள் முன்னணியில் இருந்ததைப் பார்த்து வந்த எண்ணம் இது. ஹாம்பர்க்கில் 1678இல் திறந்த ஓபரா அரங்கு அரசவைக்குச் சொந்தமானதல்ல. காசு கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம். அங்கே கோன்ராடி, கைசர் போன்ற ஜெர்மன் பாடகிகள் முன்னணியில் இருந்தார்கள்.

ஃபௌஸ்தினாவை லண்டன் சண்டையோடு நிறுத்துவது

1727இல் லண்டனில் இத்தாலியப் பாடகி ஃபௌஸ்தினாவின் ரசிகர்களும் போட்டிப் பாடகி குட்ஸோனியின் ரசிகர்களும் அரங்கில் மோதிக்கொண்டதைச் சொல்லிவிட்டுப் பலர் முடித்துவிடுகிறார்கள். 1731 செப்டம்பரில் டிரெஸ்டனில், கணவர் ஹாஸே இயற்றிய 'கிளியோஃபிதே' ஓபராவில் பாடினார் ஃபௌஸ்தினா போர்தோனி. பிற்பாடு அந்த அரசவையின் முதன்மைப் பாடகியாக 1751 வரை மேடையில் இருந்தார். எழுத வேண்டிய பகுதி இதுதான்.