உங்கள் ஊர்ப் பழைய கொட்டகையின் கதையைத் தோண்டி எடுப்பது எப்படி

ஊருக்கு ஊர் ஒரு பழைய தியேட்டர் இருக்கும். இன்றைக்கு அது கல்யாண மண்டபமாகவோ நெல் மூட்டை அடுக்கும் குடோனாகவோ ஷட்டர் போட்ட பத்துக் கடைகளாகவோ மாறியிருக்கும், ஆனால் பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் இன்னும் அந்தத் தியேட்டர் பேர்தான். எப்போது கட்டியது என்று கேட்டால் "எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கு" என்பார்கள். எந்தத் தாத்தா, எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர்க் கொட்டகைக்காக நான் ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தேன். அதில் பாதி வீண் அலைச்சல், ஏனென்றால் ஆட்களிடமிருந்து ஆரம்பித்தேன். கட்டடத்திலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். அதனால் நீங்கள் முதலில் ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

நேராகத் திரை இருந்த இடத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். சினிமாவுக்கென்றே கட்டியது என்றால் அங்கே ஸ்பீக்கர் வைக்க மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். பதினைந்து இருபது அடி ஆழத்துக்கு மேடையும், பக்கத்தில் வேஷம் கட்ட ஓர் அறையும் இருந்தால் அது பெரும்பாலும் நாடகக் கொட்டகையாகப் பிறந்த கட்டடம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பாலர் சபை தொடங்கிய காலத்தையொட்டி, சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகப் போய் மாதக்கணக்கில் தங்கி நாடகம் போட்டன. அவர்களுக்காக எழுந்த கொட்டகைகளில் பல பிறகு சினிமாவுக்குக் கைமாறின. சினிமாவுக்கென்று கட்டியது வேறு வேலைக்குப் போவதும் உண்டு: சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-ல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் சீக்கிரமே தபால்துறை கைக்குப் போய், இப்போதும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலைப் பிரிவாக நிற்கிறது. ஆகவே இன்றைக்கு என்னவாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது கேபின், அதாவது படம் ஓட்டும் மெஷின் இருந்த அறை. படிக்கட்டு கட்டடத்துக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கால நைட்ரேட் பிலிம் வைக்கோல் மாதிரி பற்றிக்கொள்ளும், அதனால்தான் கேபினைத் தனியாக, தீப்பிடிக்காத சுவரோடு கட்டச் சொன்னார்கள். கூடத்தைப் பார்த்த சுவரில் சதுர ஓட்டைகளை எண்ணுங்கள். வழக்கமாக ஒரு மெஷினுக்கு இரண்டு ஓட்டை, ஒன்று வெளிச்சம் போக, ஒன்று ஆபரேட்டர் எட்டிப் பார்க்க. நாலு இருந்தால் இரண்டு மெஷின். இரண்டே இருந்தால் ஒற்றை மெஷின், அப்படியென்றால் ரீல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் லைட்டைப் போட்டிருப்பார்கள், முறுக்கு வியாபாரம் நன்றாக நடந்திருக்கும்.

கொல்லைப்புறத்தையும் விடாதீர்கள். அங்கே சிமெண்ட் மேடையில் துருப்பிடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஊருக்குக் கரண்ட் வராத காலத்தில் மின்சாரம் எடுத்த ஆயில் என்ஜின் உட்கார்ந்த இடம். பைக்காரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் வந்தது, மேட்டூர் 1937, பாபநாசம் 1944. இதில் உங்கள் ஊருக்கு எந்தப் பக்கத்திலிருந்து எப்போது கரண்ட் வந்தது என்று தெரிந்தால், என்ஜின் மேடை ஒரு தோராயமான காலத்தைக் காட்டிக்கொடுக்கும். (பவர் கட்டுக்கு வைத்த பிற்கால ஜெனரேட்டர் மேடையும் உண்டு. நான் அதைப் பார்த்துத்தான் ஒரு மாதம் ஏமாந்தேன்.)

சரி, இப்போது காகிதத்துக்கு வருவோம். கோயில் திருவிழாவைவிட, சந்தையைவிட, சினிமாக் கொட்டகை அரசாங்கத்திடம் அதிகக் காகிதம் விட்டுச் சென்றிருக்கிறது என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 1918 சினிமாட்டோகிராப் சட்டம் வந்ததிலிருந்தே லைசென்ஸ் வேண்டும். தமிழ்நாட்டுக்கென்று 1955-ல் தனிச் சட்டமும் 1957-ல் விதிகளும் வந்தன. மாவட்டத்தில் லைசென்ஸ் தருவது கலெக்டர், அதைத்தான் தியேட்டர்காரர்கள் 'சி ஃபார்ம்' என்பார்கள். அது கிடைக்கப் பொதுப்பணித் துறை இன்ஜினியர் கட்டடம் உறுதியானது என்று சான்று தர வேண்டும், மின் ஆய்வாளர் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும், வரைபடம் வைக்க வேண்டும். டூரிங்கா (இடம் மாறும் கூடாரக் கொட்டகை), அரை நிரந்தரமா, நிரந்தரமா என்று வகையும் அதில் இருக்கும்.

இதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். "தியேட்டர் வரலாறு வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. கொட்டகைக்கு இருந்த எல்லாப் பெயர்களையும், சர்வே எண்ணையும், தெருவையும் போட்டு, "முதல் லைசென்ஸ் நகல், அங்கீகரித்த வரைபட நகல்" என்று குறிப்பாகக் கேளுங்கள். எனக்கு முதல் மனுவுக்கு "கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது" என்று ஒரே வரியில் பதில். சோர்ந்து போகாதீர்கள், அதே கட்டடத்துக்கு மின் ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு கோப்பு, நகராட்சி அல்லது பேரூராட்சி சொத்துவரிப் பதிவேட்டில் ஒரு வரி, கேளிக்கை வரிக் கணக்கில் இன்னொரு வரி என்று எங்காவது வால் நீட்டிக்கொண்டிருக்கும். எனக்குச் சொத்துவரிப் பதிவேடுதான் கை கொடுத்தது.

அப்புறம் பத்திரம். வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975-லிருந்துதான் கிடைக்கும், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தியேட்டர்காரர் பத்திரத்தைக் காட்ட மாட்டார், ஏதோ பங்காளித் தகராறு ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் யார் வீட்டு ஆள் என்று சந்தேகப்படுவார். அதனால் பக்கத்து மனைக்காரரிடம் போங்கள். அவர் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது மனையின் நாலு பக்க எல்லை, எழுதியிருக்கும் அல்லவா, "சினிமாக் கொட்டகைக்கும் மேற்கு" என்று? அந்தப் பத்திரத்தின் தேதியில் கொட்டகை இருந்தது உறுதி. அதே மனையின் முந்தைய பத்திரத்தில் அந்த எல்லை "புளியந்தோப்புக்கும் மேற்கு" என்றிருந்தால், இரண்டு தேதிக்கும் நடுவில் கொட்டகை முளைத்திருக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் காலத்தை நெருக்கிவிடலாம்.

பழைய நோட்டீஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் வருடம் இருக்காது. எனக்குக் கிடைத்த ஒன்றில் "14-4 சனிக்கிழமை முதல்" என்று மட்டும் இருந்தது, கீழே தரை 2 அணா, பெஞ்சு 4 அணா. நாள்காட்டியைப் புரட்டினால் 1940-க்கும் 1965-க்கும் நடுவில் ஏப்ரல் 14 சனிக்கிழமையாக வந்த வருடங்கள் 1945, 1951, 1956, 1962. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்துவிட்டது, ஆகவே அணாக் கணக்கைப் பார்த்தால் 1962 அடிபடும். மிச்சம் மூன்று. நோட்டீஸில் இருந்த படம் எப்போது வெளியானது என்று பார்த்ததும் 1945-ம் போயிற்று. சிறிய ஊர்களுக்குப் படப்பெட்டி பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் கழித்துத்தான் வரும், அதனால் மிச்சமிருந்த இரண்டில் எது என்று அச்சகத்தின் பேரை வைத்துத்தான் தீர்த்தேன். அச்சகப் பேரும் ஊரும் போட வேண்டும் என்று 1867-லேயே சட்டம் வந்துவிட்டது, அதனால் அந்தக் கால நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பத்திரிகைகளில் தேடுவதானால் தீபாவளி, பொங்கல் இதழ்களை மட்டும் எடுங்கள். புதுப்பட விளம்பரத்தில் எந்த ஊரில் எந்தத் தியேட்டர் என்று பட்டியலே போட்டிருப்பார்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதென்றால் முன்பே அனுமதி விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1927-28-ல் ரங்காச்சாரியார் தலைமையில் நடந்த சினிமா விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன, ஊமைப்படக் காலத்துக் கொட்டகை என்றால் புரட்டத்தான் வேண்டும்.

தெருப் பெயரையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மெஷின் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் சுற்றிவிட்டு, 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். பின்னாளில் தியேட்டர் பேர் டிலைட் என்று மாறியது, தெருவோ இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான். உங்கள் ஊரிலும் தியேட்டருக்கு இரண்டு மூன்று பேர் மாறியிருக்கும், தெருவும் டீக்கடையும் பழைய பேரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் கையில் வந்த பிறகுதான் பெரியவர்களிடம் போக வேண்டும். போனதும் வருடத்தைக் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் மூன்று பேர் சொல்லி வைத்தாற்போல ஓர் எம்ஜிஆர் படம்தான் முதல் படம் என்றார்கள். சொத்துவரிப் பதிவேடு அதற்கு ஏழெட்டு வருடம் முந்திப் போனது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கூரை எப்போது மாறியது என்று கேட்டபோதுதான் விளங்கியது: முதலில் கீற்று, மணல் தரை, முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து ஏறி உட்காருவது. தகரக் கூரை போட்டு, சிமெண்ட் தரை இழுத்து மறுபடி திறந்தபோது வந்ததுதான் அந்தப் படம். அதனால் கூரை என்ன, எதில் உட்கார்ந்தீர்கள், டிக்கெட் எவ்வளவு என்று கேளுங்கள். முதலாளியைவிட டிக்கெட் கிழித்தவர், போஸ்டர் ஒட்டியவர், கேபின் பையன் ஆகியோருக்குத்தான் இதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

எழுதும்போது பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு, காகிதத்தில் பார்த்தது ஒரு புறம், கேள்விப்பட்டது மறுபுறம் என்று வையுங்கள். யாராவது போட்டோ, நோட்டீஸ், பாஸ் என்று கொடுத்தால் அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஏப்ரல் 14 நோட்டீஸ், கொட்டகையில் முறுக்கு விற்றவரின் மகள் வீட்டில் கிடைத்தது. வாசலிலேயே படம் எடுத்துவிட்டுத் திருப்பி நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இருங்க தம்பி, பரண்ல இன்னொரு டப்பா இருக்கு" என்று உள்ளே போய் ஏணியை எடுத்து வந்தார்.