பழைய கூத்துக் கசெற்றைத் திரும்ப வெளியிடுவது எப்படி

கசெற் கைக்கு வந்தவுடன் ஆசையில் போட்டுக் கேட்டுவிடாதீர்கள். வன்னியில் இன்று கிடைக்கிற கசெற் எத்தனையோ இடப்பெயர்வு கண்டது, றங்குப்பெட்டியிலோ உரப்பையிலோ ஈரமும் வெயிலும் பட்டுக் கிடந்தது. நாடாச் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவே விடாதீர்கள், அடுத்த கசெற்றையும் கெடுத்துவிடும். நாடாவை ஹெட்டோடு, அதாவது பிளேயரில் ஒலியைப் படிக்கும் தலையோடு, அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு கழன்றிருந்தால் சத்தம் அமுங்கும். திருகாணி போட்ட கசெற் என்றால் கழற்றி, நாடாவை வேறு நல்ல கூட்டுக்கு மாற்றினால் சரி.

ஹெட்டைத் துடைத்த பிறகு, அதன் சாய்வைச் சரிசெய்யப் பக்கத்துத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். சரியான இடம் மத்தளத்தைக் கேட்டுப் பிடிபடாது. தாளச் சத்தம் எங்கே கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள், அதற்கான ஓடாசிற்றி மென்பொருள் இலவசம்தான். மணித்தியாலத்துக்கு 2 ஜிபி போகும், போகட்டும்.

அப்புறம் வேகம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். பற்றறி இறங்க இறங்க ரெக்கோடர் மெதுவாக ஓடியிருக்கும், அப்படிப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் போட்டால் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரிக் கேட்கும். அன்றைக்கு ஆடியவர் யாராவது முள்ளியவளையிலோ வற்றாப்பளையிலோ இருந்தால் நேரே போய், எத்தனை கட்டையில் பாடினீர்கள் என்று கேளுங்கள். அந்தச் சுருதிக்கு ஆர்மோனியத்தை வைத்து வேகத்தைத் திருத்தலாம். இரைச்சலை மட்டும் வழித்துத் துடைக்காதீர்கள், சல்லாரி என்ற கைத்தாளத்தின் ஒலியும் சேர்ந்து போய்விடும்.

கேட்கப் போகும்போதே அனுமதியும் வாங்குங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் உரிமை அவர் இறந்து 70 ஆண்டுவரை இருக்கிறது. கோவலன் கூத்து மாதிரி வழிவழியாக வந்த பாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லாவிட்டாலும் பாடியவருக்கு உரிமை உண்டு. பங்கு எவ்வளவு என்பதை எழுதிக் கையெழுத்து வையுங்கள்.

யூடியூப்பில் சும்மா கிடப்பதை யார் வாங்குவார் என்று கேட்பீர்கள். எதியோப்பிய இசைக்கலைஞர் ஹைலு மெர்கியா 1985இல் வெளியிட்ட கசெற் 2013இல் திரும்ப வந்தபோது அவர் வாஷிங்டனில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார், அதன் பிறகு மேடைக்குத் திரும்பினார். அதை வெளியிட்டவர் முன்பு ஆபிரிக்கக் கசெற்றுகளை இணையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தவர்தான். யூடியூப்பில் பாட்டு மட்டும்தான் இருக்கிறது. யார் பாடினார், மத்தளம் யார், எந்தக் கோயில் முற்றம் என்று அங்கே ஒன்றும் இல்லை. அதைச் சின்னப் புத்தகமாக, பாட்டு வரிகளோடும் படங்களோடும் அச்சடித்துச் சேருங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் சனம் அதற்காகத்தான் காசு கொடுப்பார்கள். முதலில் 100 பிரதி போதும், ஒரு பாட்டை நீங்களே இலவசமாக விடுங்கள்.

மூலக் கசெற்றை வைத்துக்கொள்ளாதீர்கள். தந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், இரண்டு பிரதியும் சேர்த்து.