அந்துப்பூச்சி பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்குப் பிறகு அமிர்திக் காட்டோரத்திலும் ஜவ்வாது மலையடிவாரத்திலும் அந்துப்பூச்சி தேடி வரும் புதியவர்களைக் கவனித்தால், ஒரு காலத்தில் நாங்கள் செய்த பிழைகளே மறுபடியும் நடப்பது தெரிகிறது. பகலில் பறப்பதெல்லாம் வண்ணத்துப்பூச்சி என்று நினைப்பது போன்றவை பழகப் பழகத் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

செடியை விட்டுவிட்டுப் புழுவை மட்டும் பார்த்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். புழுவை மட்டும் மிக நெருக்கத்தில் படமெடுத்து அனுப்புவார்கள். எந்தச் செடியில் இருந்தது என்று கேட்டால், "ஏதோ பச்சைச் செடி சார்" என்பார்கள். நிறத்தை நம்பிப் பெயர் சொல்ல முடியாது. எள் வயலில் காணப்படும் மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு, ஒரே இனத்திலேயே பச்சை, மஞ்சள், பழுப்பு என மூன்று விதமாகவும் வரும். செடி தெரிந்தாலோ தேடல் சில பெயர்களுக்குள் அடங்கிவிடும். அரளியிலோ நந்தியாவட்டையிலோ, பின்முனையில் கொம்பும் தலைக்குச் சற்றுப் பின்னால் கண் போன்ற இரு நீலப் புள்ளிகளும் கொண்ட பருத்த பச்சைப் புழு இருந்தால், அது டாஃப்னிஸ் நெரியை என்ற அரளி அந்துப்பூச்சியின் புழு என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

காட்பாடியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் மலையிலிருந்து பெரிய பச்சைப் புழுக்கள் சிலவற்றைப் பிடித்து வந்து, பட்டுப்பூச்சி வகைதானே என்று மல்பெரி இலையைப் போட்டிருந்தார். இலையில் ஒரு கடிகூட விழவில்லை. புழுக்கள் மூடியின் விளிம்பையே சுற்றிச் சுற்றி வந்தன. டப்பாவின் அடியில் விழுந்த எச்ச உருண்டைகள் நாளுக்கு நாள் சிறுத்து, பின்பு நின்றே போயின. அவை ஒதிய மரத்தில் இருந்தனவா, மருதமரத்தில் இருந்தனவா என்பது மட்டும் நினைவிருந்திருந்தால், நிலா அந்துப்பூச்சியா டசர் பட்டுப்பூச்சியா என்று ஓரளவு ஊகித்திருக்கலாம். சரியான இலையும் கொடுத்திருக்கலாம். புழுவைத் தொடுவதற்கு முன்பே இலை, காம்பு, பட்டை, பூ இருந்தால் பூ என அனைத்தையும் படமெடுத்துவிடுங்கள். அதே இலை தினமும் கிடைக்காது என்றால் புழுவை அங்கேயே விட்டுவிடுவதுதான் முறை.

நிறம் மாறிய புழுவைத் தூக்கி எறிதல்

அரளிப் புழு கூட்டுப்புழுவாகும் முன் முதுகு கருத்து, தின்பதை நிறுத்தி, அங்குமிங்கும் அலையும். நோய் என்று கருதி வீசிவிடுகிறார்கள். மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பி வைத்தால் போதும்.

நிலா அந்துப்பூச்சிக்குத் தேன் வைத்தல்

அதற்கு உண்ணும் வாயே இல்லை.

முருங்கைக் கம்பளிப்பூச்சியைக் கையால் எடுத்தல்

வேண்டாம்.

விடியும்வரை விளக்கெரித்தல்

பூச்சிகளை ஈர்க்க இரவில் விளக்கருகே கட்டிய வெள்ளைத் துணியில் அமர்ந்தவற்றை விடியலில் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் வந்து கொத்திவிடும். இருட்டு விலகும் முன்பே விளக்கை அணைத்து, துணியைப் புதரோரம் மெதுவாக உதறிவிட வேண்டும்.