டைல்ஸ் உடையாமல் பழைய பீங்கான் சோப்பு டிஷ்ஷை எடுக்க

சுவரோடு ஒட்டிப்போன சோப்பு டிஷ்ஷை எடுத்த எடுப்பிலேயே சுத்தியலால் தட்டாதீர்கள், பக்கத்து டைல்தான் விரிசல் விடும். முதலில் அதைச் சுற்றியிருக்கும் சிலிகான் பசை, க்ரௌட் (டைல் இடுக்கை நிரப்பும் பூச்சு) எல்லாவற்றையும் கட்டர் பிளேடால் ஆழமாகக் கீறி, டிஷ்ஷுக்கும் டைலுக்கும் நடுவே எந்தப் பிடிப்பும் இல்லாதபடி சுரண்டி எடுத்துவிடுங்கள். பொறுமை வேண்டியது இங்கேதான். அப்புறம் மெல்லிய பட்டி பிளேடை (சுவரில் பட்டி பூசும் தகடு) இடுக்கில் செருகி, லேசாகத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும்.

வரவில்லையா? சரி, டிஷ்ஷையே நடுவில் உடைத்து, உளியை எப்போதும் டிஷ்ஷின் நடுப்பக்கமாகச் சாய்த்துத் துண்டு துண்டாக எடுங்கள். பீங்கான் சில்லு பயங்கரமாகத் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் மூடி வையுங்கள். உள்ளே சுவர் ஈரமாக இருந்தால், நன்றாகக் காயும்வரை புதியதை ஒட்ட வேண்டாம்.